கீமோவை நிறுத்திவிட்டுக் கடல்பாசி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் காசிமேட்டுத் தம்பி ஒருவர். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு மீன் விற்பவர். பெருங்குடலில் புற்றுநோய், ஸ்டேஜ் மூன்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கீமோ இரண்டு சுற்று ஆகியிருக்கிறது. ஆள் ரொம்பவே சோர்ந்துவிட்டார், விரல் நுனி மரத்துப் போகிறது. இந்த நேரத்தில் உறவுக்காரர் ஒருவர் ‘ஃபூகாய்டன்’ என்று எழுதிய டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மாதத்துக்கு 7,000 ரூபாய். “இது கடல்பாசி. ஜப்பான்காரன் இதைச் சாப்பிட்டுத்தான் புற்றுநோய் இல்லாமல் இருக்கான். கீமோ உடம்பைக் கெடுக்குது, நிறுத்திட்டு இதைக் கொடு” என்கிறாராம். தம்பி கேட்பது: “கடல்ல கிடைக்கிற பொருள்தானே சார், என்ன கெடுதல் வந்துடும்? கொடுக்கலாமா?”

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. கீமோவை நிறுத்தாதீர்கள். அந்த டப்பாவை இப்போதைக்குத் திறக்காதீர்கள். ஏன் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் உறவுக்காரர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் வீட்டில் எல்லோரையும் குழப்புகிறது.

நான் தண்டையார்பேட்டைக்காரன். மருந்தியல் பாடம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன். படிக்கும் காலத்தில் கடல்பாசிச் சாற்றைப் புற்றுநோய்ச் செல் மேல் போட்டுப் பார்க்கும் வேலையையும் செய்திருக்கிறேன். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரிலிருந்து கோணியில் பாசி வரும். அங்கே கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பார்கள். மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கடா பாசி என்று. கடைசி இரண்டும் பழுப்பு நிறம். உங்கள் டப்பாவில் எழுதியிருக்கும் ஃபூகாய்டன் இந்தப் பழுப்புப் பாசி இனத்தில்தான் இருக்கிறது. கந்தகம் ஒட்டிய நீண்ட சர்க்கரைச் சங்கிலி அது. பாசியைத் தொட்டால் வழவழவென்று இருக்கிறதே, அந்த வழவழப்பில் அதற்குப் பங்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த கைலின் என்பவர் 1913இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார். ஆக, புதுக் கண்டுபிடிப்பு என்று டப்பாவில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். பாசிக்குப் பழுப்பு நிறம் கொடுக்கும் ஃபூகோசாந்தின் என்ற நிறமியும் ஆய்வாளர்கள் விடாமல் துரத்தும் இன்னொரு பொருள்.

ஆய்வகத்தில் நடப்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். எச்.டி.-29 என்று ஒரு செல் வகை. 1964இல், 44 வயதுப் பெண் ஒருவருடைய பெருங்குடல் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பிளாஸ்டிக் தட்டில், இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்துக்கு அடியில், கூட்டம் கூட்டமாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பாசிச் சாற்றைச் சேர்த்து, 37 டிகிரிப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நேற்றுவரை இறுக்கமாக ஒட்டியிருந்த செல்கள் உருண்டையாகச் சுருங்கி, தட்டை விட்டுக் கழன்று மிதக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கல்லீரல், இரைப்பை, கணையம் என்று சீரண மண்டலத்தின் எந்த உறுப்புப் புற்றுச் செல்லை எடுத்தாலும், ஃபூகாய்டனோ ஃபூகோசாந்தினோ அதைக் கொன்றதாக, அல்லது அதன் பெருக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. உங்கள் உறவுக்காரர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான்.

அப்புறம் என் ஆசிரியர் ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். தட்டில் ஒரு மில்லி திரவத்துக்கு 100 மைக்ரோகிராம் சேர்த்தால் செல் சாகிறது என்று வையுங்கள். மனித உடலில் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். அதே அடர்த்தி ரத்தத்தில் வர வேண்டுமென்றால் அரை கிராம் மருந்து முழுசாக ரத்தத்தில் நிற்க வேண்டும். மருந்து ரத்தத்தில் மட்டும் நிற்பதில்லை. சதைக்கும் கொழுப்புக்கும் போகும், கல்லீரல் உடைக்கும், சிறுநீரகம் வெளியேற்றும். அதற்கும் முன்னால் குடலைத் தாண்ட வேண்டும். ஃபூகாய்டன் பெரிய மூலக்கூறு, வாயால் விழுங்கினால் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். ஃபூகோசாந்தினோ தண்ணீரில் கரையாத பொருள், குடல் அதை உறிஞ்சுவதும் குறைவுதான். தட்டில் நேரடியாக ஊற்றுவதும் மனிதன் விழுங்குவதும் ஒன்றே இல்லை. உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால்கூடத் தட்டில் செல் செத்துப்போகும் தம்பி.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான்: “குடல் புற்றுதானே சார், ரத்தத்துக்கே போக வேண்டாமே, குடலில் நேரே படுமே?” அப்பாவுடைய குடலில் இருந்த கட்டியை டாக்டர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஸ்டேஜ் மூன்று என்றால், நோய் பக்கத்து நெறிக்கட்டிகள் வரை போயிருந்தது என்று பொருள். இப்போது கீமோ துரத்துவது குடலில் இருக்கும் எதையும் இல்லை. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் உடம்பில் எங்கேயோ ஒதுங்கியிருக்கக்கூடிய ஒன்றிரண்டு செல்களைத்தான் துரத்துகிறது. அவற்றிடம் போக ரத்தத்தைத் தவிர வேறு வழியே கிடையாது.

சரி, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், இரண்டுமே பெருங்குடல் புற்று பற்றியவை. 2011இல் ஜப்பானில் வந்த ஆய்வில் 20 நோயாளிகள். எல்லோருக்கும் கீமோ, அதில் பத்துப் பேருக்குக் கூடவே ஃபூகாய்டன். அது இல்லாத பத்துப் பேரில் ஆறு பேருக்குக் கடும் அசதி வந்தது, ஃபூகாய்டன் எடுத்தவர்களில் ஒருவருக்குத்தான் வந்தது. நல்ல செய்திதான். ஆனால் நரம்பு மரத்துப் போவதும், வயிற்றுப்போக்கும், ரத்த அணுக்கள் குறைவதும் அப்படியே இருந்தன. இருபதே பேரை வைத்து எதையும் அடித்துச் சொல்லவும் முடியாது. அடுத்து 2017இல் தைவானில் வந்தது. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட 54 பேர். கீமோவோடு ஃபூகாய்டன் எடுத்தவர்களில் 92.8 சதவீதம் பேருக்கு நோய் சுருங்கியது, அல்லது வளராமல் நின்றது. எடுக்காதவர்களில் 69.2 சதவீதம். எந்த விளம்பரமாக இருந்தாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதே ஆய்வில் உயிர் வாழ்ந்த காலத்தில் இரண்டு குழுவுக்கும் நம்பத்தகுந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இரண்டு ஆய்விலும் யாருக்கும் கீமோவுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவில்லை, கூடவேதான் கொடுத்தார்கள். கீமோவை விட்டுவிட்டு இதை மட்டும் கொடுத்து ஒருவரைக் குணப்படுத்தினோம் என்று காட்டும் ஆய்வு ஒன்றுகூட நான் படித்ததில்லை.

கீமோ பக்கத்து எண்ணையும் பாருங்கள். விரல் மரப்பை வைத்துப் பார்த்தால், உங்கள் அப்பாவுக்குப் போடுவது ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து கலந்த கீமோவாக இருக்கலாம். அந்தக் கீமோவை, ஆபரேஷனுக்குப் பிறகு 2,246 பேர் இருந்த ‘மொசைக்’ என்ற ஆய்வில் சோதித்தார்கள். அதில் அந்தக் கீமோ எடுத்த ஸ்டேஜ் மூன்று நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு ஐந்து வருஷம் ஆகியும் நோய் திரும்பவில்லை. ஒரு பக்கம் இருபதும் ஐம்பத்து நாலும், இன்னொரு பக்கம் இரண்டாயிரத்துச் சொச்சம். இந்தத் தராசில் அப்பாவை எந்தத் தட்டில் உட்கார வைப்பீர்கள்?

பாசியிலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வந்திருக்கிறது. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கடல் முயல் என்று ஓடு வெளியே தெரியாத ஒரு நத்தை உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பெட்டிட் என்ற வேதியியலாளர், டன் கணக்கில் அந்த நத்தையைச் சேர்த்து அரைத்து, கடைசியில் சில பத்து மில்லிகிராம் டோலாஸ்டாடின்-10 என்ற பொருளைப் பிரித்தார். அதன் அமைப்பை 1987இல் வெளியிட்டார். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல்கயிறு மாதிரி ஒரு கட்டமைப்பு உருவாகும், அதை உருவாகவே விடாமல் தடுக்கும் கடும் விஷம் அது. நத்தைதான் அதைச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2001இல் பார்த்தால், நத்தை மேயும் நீலப்பச்சைப் பாசியில் அதே பொருள் இருக்கிறது. பாசி செய்ததை நத்தை சாப்பிட்டுச் சேர்த்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். (நீலப்பச்சைப் பாசியை இன்று பாக்டீரியாவோடு சேர்க்கிறார்கள். ஆனால் அதைப் பாசியாகப் படித்தவர்களின் பெரிய பரம்பரையே நம் சென்னையில் இருந்தது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்.)

இந்த டோலாஸ்டாடினை அப்படியே மனிதர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் புற்றிலும் பார்த்தார்கள், பலன் இல்லை. அளவைக் கூட்டினால் ரத்த அணுக்கள் விழுந்துவிடும். அதோடு விடவில்லை. மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி, எம்.எம்.ஏ.ஈ. என்ற வடிவத்தை ஆய்வகத்திலேயே செய்தார்கள். அது தனியாகப் போட முடியாத அளவுக்கு விஷம். அதனால் புற்றுச் செல்லை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தோடு அதைக் கட்டி அனுப்பினார்கள். செல்லுக்குள் போன பிறகுதான் கட்டு அவிழும், விஷம் வேலை செய்யும். இப்படி வந்த முதல் மருந்து ஒரு வகை ரத்தப் புற்றான நிணநீர்ப் புற்றுக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே விஷத்தை ஹெர்-2 என்ற புரதத்தைத் தேடும் ஆன்டிபாடியில் கட்டிய டிசிடமாப் வெடோட்டின் என்ற மருந்துக்கு, 2021இல் சீனா இரைப்பைப் புற்றுக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் வேறு கீமோக்கள் கொடுத்துப் பார்த்த பிறகு, அந்தப் புரதம் அதிகமாக இருப்பவர்களுக்கு மட்டும்.

பாசியில் தொடங்கி இரைப்பைப் புற்று நோயாளியின் கை நரம்பு வரை அது வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்து சேர்ந்தபோது அது பொடியாகவோ கேப்சூலாகவோ வரவில்லை, டிரிப்ஸில்தான் வந்தது. அதுவும் கீமோதான், அதற்கும் பக்கவிளைவு உண்டு. இயற்கைப் பொருள் என்றால் சாதுவானது, கீமோ என்றால் செயற்கை விஷம் என்று பிரிப்பது தப்பு. பெருங்குடல் புற்றுக்குப் போடும் இரினோடெகான் ஒரு மரத்துப் பொருளிலிருந்து வந்தது, 1966இல் பிரித்தெடுத்து, மாற்றியமைத்து, 1996இல்தான் அமெரிக்காவில் மருந்தானது.

ஜப்பான் விஷயம். ஜப்பானும் கொரியாவும் உலகத்திலேயே கடல்பாசி அதிகம் சாப்பிடும் நாடுகள். அதே இரண்டு நாடுகளும் இரைப்பைப் புற்று உலகத்தில் மிக அதிகமாக வரும் நாடுகளில் முன்வரிசையில் இருக்கின்றன. ஹெலிகோபேக்டர் என்ற கிருமியும் உப்பு மிகுந்த சாப்பாடும் முக்கியக் காரணங்கள். வந்தவர்களில் நிறையப் பேர் அங்கே பிழைப்பதற்குக் காரணம், வயது வந்தவர்களுக்கு முன்கூட்டியே எக்ஸ்ரேயோ எண்டாஸ்கோப்பியோ செய்து ஆரம்பத்திலேயே பிடித்துவிடுவது. நம் சென்னையிலும் ஆண்களிடம் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கும் நோய். ஜப்பானிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டுமென்றால் அந்த எண்டாஸ்கோப்பியை வாங்கலாம். மாதக்கணக்கில் “கேஸ்” என்று சொல்லி மருந்துக் கடையில் ஜெலுசில் வாங்கிக் குடிப்பவர்கள், உடம்பு இளைத்தாலோ மலம் கருப்பாகப் போனாலோ சோறு இறங்கும்போது அடைத்தாலோ, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்க் காட்டிவிட வேண்டும்.

இனி, “என்ன கெடுதல் வந்துடும்?” என்று கேட்டீர்கள். வரும். ஃபூகாய்டன் அமைப்பில் ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்துக்கு ஒரு மாதிரி உறவுக்காரன், ரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மை அதற்கும் உண்டு. கீமோவில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும் நேரத்தில், புதிதாக வயிற்றில் தையல் போட்டவருக்கு அது தேவையா? ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் ஆபத்து. அடுத்து அயோடின். நமக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், பழுப்புப் பாசியில் சில வகைகள் ஒரு கிராமிலேயே அதைத் தாண்டிவிடும். தைராய்டு குழம்பும். ஹிஜிகி என்ற ஜப்பானியப் பழுப்புப் பாசியில் ஆர்சனிக் அதிகம் என்று பிரிட்டன் அரசே சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. பாசியிலிருந்து வரும் எல்லாமே குடலுக்கு நல்லது என்றும் கிடையாது. சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் கேரகீனனை எலியின் பாதத்தில் ஊசியாகப் போட்டு வீக்கம் வரவழைத்துத்தான் வீக்க மருந்துகளைச் சோதிக்கிறோம். அதைச் சிதைத்துச் சிறிதாக்கிய வடிவத்தை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற சந்தேகப் பட்டியலில் 1983இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துவிட்டது.

ஒன்றை நம் ஊர்க்காரர்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் அரிப்புக்குப் போட்ட கருங்கற்களில் பச்சைப் பசேலென்று கீரை மாதிரி பாசி படர்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள், கால் வைத்தால் வழுக்கும். காசு கொடுத்து வாங்குவானேன், இதையே காயவைத்துப் பொடி பண்ணலாமே என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களைப் பாசி உறிஞ்சி உள்ளே சேர்த்து வைக்கும். கழிவுநீர் கலக்கும் இடத்தில்தான் அந்தப் பச்சைப் பாசி அப்படிச் செழிக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி நம் ஆட்களின் வலையும் படகும் கருத்துப்போன கதையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாப்பாடாகக் கடல்பாசி சாப்பிடுவது வேறு விஷயம். நோன்பு நாட்களில் ராயபுரம், மண்ணடி பக்கம் பாய் வீடுகளில் பால் விட்டுக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, தட்டில் ஊற்றி ஆறவைத்து வில்லை போடுவார்களே, அந்தக் கடல்பாசி அகர்தான். சுத்தம் செய்த பொருள். அப்பாவுக்கு வாய் புண்ணாக இருக்கும்போது அது இதமாகத்தான் இருக்கும், தாராளமாகக் கொடுங்கள். மருந்து என்று நினைத்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

என் தெருவிலேயே ஒருவர் இருந்தார். இரைப்பைப் புற்று. மூன்றாவது கீமோவோடு நிறுத்திவிட்டு, யாரோ கொடுத்த பச்சைப் பொடியை ஐந்து மாதம் பாலில் கலந்து குடித்தார். முதல் மாதம் முகம் தெளிந்தது, சாப்பிட ஆரம்பித்தார், தெருவே பொடியைப் புகழ்ந்தது. கீமோ நின்றால் யாருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். வயிற்றில் நீர் கட்டித் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது செய்ய அதிகம் இல்லை. அவர் மனைவி என்னிடம், “நீங்க படிச்சவரு, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். அன்று சொல்லாமல் விட்டதால்தான் இன்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது அப்பாவின் விரல் மரப்பு. அவருக்குப் போடும் மருந்தில் ஆக்சாலிபிளாட்டின் இருந்தால், குளிர்ச்சி பட்டாலே விரலும் உதடும் தொண்டையும் சுரீர் என்று இழுக்கும், மரக்கும். அவர் நாள் முழுக்க ஐஸில் கை வைக்கும் மனுஷன். கீமோ முடியும்வரை ஐஸ் பெட்டி பக்கமே விடாதீர்கள், விடியற்காலை ஏலத்துக்கும் வேறு யாராவது போகட்டும். ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பாகக் குடிக்கட்டும். மரப்பு அடுத்த சுற்றுவரை போகாமலே நின்றால், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்தி மற்றதைத் தொடர்வார்கள். “தாங்க முடியவில்லை” என்று சொல்லவே பயந்து பலர் மொத்தமாக நின்றுவிடுகிறார்கள். சொன்னால் வழி இருக்கிறது. வாந்திக்கும் நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

அந்த 7,000 ரூபாயில் முட்டையும் பருப்பும் வாங்குங்கள், மீன் நம் வீட்டிலேயே இருக்கிறது. கீமோ நாளன்று பஸ்ஸில் அலையாமல் ஆட்டோவில் கூட்டிப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள், புற்றுநோய் சிகிச்சை அதில் வரும்.

உறவுக்காரரிடம் சண்டை போட வேண்டாம். பாசத்தில்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த டப்பாவைப் பையில் எடுத்துப் போய் டாக்டர் மேசை மேல் வைத்து, “இதைக் கொடுக்கச் சொல்கிறார்கள், தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள், அவரையும் கூட அழைத்துப் போங்கள். டப்பாவின் பின்பக்கத்தை எனக்கும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எந்தப் பாசி, எவ்வளவு அயோடின் என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று படித்துச் சொல்கிறேன். மூன்றாவது சுற்றுக்குத் தேதி கொடுத்திருப்பார்கள், அது எந்த நாள் என்பதையும் எழுதுங்கள்.